இறக்கை கைவிடும் கோணம்: ஓட்டோ லிலியந்தால் வாழ்க்கையும் காதில் விழும் ‘ஸ்டால்’ எச்சரிக்கையும்

திருத்தணி முருகன் மலைக்கு 365 படி. வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை படி என்பார்கள். வெயில் ஏறிய நேரத்தில் இப்படி ஒரு மலைமேல் நின்று பார்த்தால், பருந்துகள் இறக்கையை அடிக்காமலேயே வட்டமடித்து உயரப் போவது தெரியும். சூடான காற்று மேலே எழும்புகிறது, பருந்து அதில் சவாரி செய்கிறது. இன்ஜின் இல்லாத விமானமான கிளைடர் உயரே ஏறுவதும் இதே கணக்கில்தான்.

இறக்கையின் கணக்கை எண்களாக அளந்து, புத்தகமாக எழுதி, பிறகு தன் உடம்பையே அதில் தொங்கவிட்டுச் சோதித்துப் பார்த்தவர் ஓட்டோ லிலியந்தால். ஜெர்மனிக்காரர், தொழில் இன்ஜினீயர். 2,000 தடவைக்கு மேல் பறந்தவர், 1896 ஆகஸ்ட் 9-ம் தேதி சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, மறுநாள் இறந்தார். அவரைக் கீழே தள்ளியதற்கு இன்றைய விமானிகள் வைத்திருக்கும் பெயர் ‘ஸ்டால்’. இன்றைக்கு விமானங்களில் இதற்கு முன்னெச்சரிக்கையாக ஒரு சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு லிலியந்தாலின் வாழ்க்கையைவிட நல்ல விளக்கம் இல்லை.

முதலில், ‘ஸ்டால்’ என்றால் என்ன?

கார் இன்ஜின் நின்றுபோவதையும் ‘ஸ்டால்’ என்கிறோம். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. விமானத்தின் ஸ்டாலில் வேலையை நிறுத்துவது இறக்கை.

ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள் (கற்பனையில் மட்டும்!). கையின் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கினால் காற்று கையை மேலே தள்ளும். இன்னும் தூக்கினால் இன்னும் தள்ளும். ஒரு கட்டத்துக்கு மேல் தூக்கினால், மேலே தள்ளுவது குறைந்து, கை பின்னுக்கு இழுபடும். இறக்கைக்கும் அதே கதைதான். காற்று வந்து மோதும் திசைக்கும் இறக்கைக்கும் இடையிலான கோணம், பெரும்பாலான இறக்கைகளில், சுமார் 15 டிகிரியைத் தாண்டும்போது, மேற்பரப்பை ஒட்டி ஓடிய காற்று பிய்த்துக்கொண்டு விலகிவிடுகிறது. தூக்கும் விசை சட்டென்று சரிகிறது. விமானம் மூக்கைக் கவிழ்த்து விழத் தொடங்குகிறது.

வேகம் குறைந்தால்தான் ஸ்டால் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் முடிவு செய்வது கோணம். வேகம் குறையும்போது விமானி மூக்கைத் தூக்கிச் சமாளிக்கப் பார்க்கிறார், அதனால் கோணம் கூடுகிறது, அவ்வளவுதான்.

நாரையைப் பார்த்த பையன்கள்

லிலியந்தால் பிறந்தது 1848 மே 23-ம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பொமரேனியா பகுதியில் உள்ள ஆங்க்லாம் என்ற சின்ன ஊரில். பெற்றோருக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளில் பெரியவர்களாக வளர்ந்தது மூன்றே பேர்: ஓட்டோ, ஒரு வயது இளைய தம்பி குஸ்டாவ், தங்கை மரி. 1861-ல் அப்பா இறந்துவிட்டார். இசை கற்ற அம்மா கரோலின்தான் மூன்று பேரையும் ஆளாக்கினார்.

ஆங்க்லாம் சுற்றுவட்டாரத்துப் புல்வெளிகளில் நாரைகள் நிறைய. பெரிய நாரை மேலெழும்பும்போது காற்றுக்கு முதுகைக் காட்டாமல், காற்றை எதிர்த்தே ஓடி எழும்புவதை அண்ணனும் தம்பியும் கவனித்தார்கள். பதின்ம வயதில் மெல்லிய மரப் பட்டைகளில் இறக்கை செய்து, கையில் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துப் பையன்கள் கிண்டல் செய்வார்களே என்று சோதனையை ராத்திரியில் வைத்துக்கொண்டார்கள். பறக்க முடியவில்லை. ஆனால், ஆசை விடவில்லை.

கொதிகலன் தொழிலதிபர்

பொழுதுபோக்குக்கு மலையிலிருந்து குதித்த ஆள் என்று லிலியந்தாலை நினைத்துவிடக் கூடாது. பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் முறையாக இயந்திரவியல் படித்தவர். 1870-ல் பிரான்ஸுடன் நடந்த போரில் சிப்பாயாகப் போய்த் திரும்பியவர். சுரங்க இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். சுருள் குழாய்களால் ஆன, வெடிக்கும் அபாயம் குறைந்த சிறிய கொதிகலனை வடிவமைத்து, 1883-ல் பெர்லினில் சொந்தமாக ஃபேக்டரி தொடங்கினார். சின்னப் பட்டறைக்காரர்களும் நீராவி இன்ஜின் வைத்துக்கொள்ள அது உதவியது.

1890-ல் லாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்குப் பங்காகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். அந்தக் காலத்தில் இது அபூர்வம். சாதாரண ஜனங்களும் நாடகம் பார்க்கட்டும் என்று, ஒரு பெர்லின் நாடக அரங்கில் மலிவு விலை டிக்கெட்டுக்கு வழி செய்தார், நாடகமும் எழுதினார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து குழந்தைகளுக்கான கல் கட்டைப் பொம்மைகளை உருவாக்கி, அந்த யோசனையை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் ‘ஆங்கர்’ கட்டைகள் என்ற பெயரில் அதை உலகம் முழுக்க விற்றுப் பணக்காரர் ஆனது தனிக் கதை. 1878-ல் லிலியந்தால் ஆக்னஸ் ஃபிஷரைத் திருமணம் செய்தார். நான்கு குழந்தைகள்.

ஃபேக்டரி வருமானம்தான் பறக்கும் ஆராய்ச்சிக்குச் செலவானது.

எண்களோடு வந்த புத்தகம்

அவருக்கு முன்பும் பறக்க முயன்றவர்கள் உண்டு. பெரும்பாலானவர்கள் இயந்திரத்தை முதலில் கட்டிவிட்டு, பிறகு பறக்குமா என்று பார்த்தார்கள். லிலியந்தால் தலைகீழாகத் தொடங்கினார். நீண்ட சுழலும் கரத்தின் நுனியில் இறக்கை வடிவங்களைப் பொருத்தி, எந்தக் கோணத்தில் காற்று எவ்வளவு தூக்குகிறது, எவ்வளவு இழுக்கிறது என்று எடை வைத்து அளந்தார். 1870-களில் தம்பியோடு சேர்ந்து தொடங்கிய வேலை இது.

முக்கியமான முடிவு: தட்டையான பலகையைவிட, பறவையின் இறக்கைபோல் லேசாக வளைந்த பரப்பு அதிகம் தூக்குகிறது. இதை முன்பே சிலர் ஊகித்திருந்தாலும், எண்களோடு அட்டவணையாகப் போட்டுக் காட்டியவர் லிலியந்தால். 1889-ல் ‘பறத்தல் கலைக்கு அடிப்படையாகப் பறவைகளின் பறத்தல்’ என்ற பொருள்படும் தலைப்பில் அது ஜெர்மன் மொழியில் புத்தகமாக வந்தது. காலத்தை மனதில் நிறுத்த ஒரு கணக்கு: திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தது அதற்கு முந்தைய வருஷம்.

அந்தப் புத்தகத்தின் வரைபடங்களில் கோணம் ஏற ஏறத் தூக்கும் விசையும் ஏறும். ஓர் உச்சம் தொடும். பிறகு இறங்கும். அதாவது, இறக்கை கைவிடும் கோணம் என்று ஒன்று இருப்பது அவர் கையாலேயே வரைந்த கோட்டில் பதிவாகியிருக்கிறது. தரையில் அவருக்கு அது தெரியும். ஆகாயத்தில், அந்த நொடியில், தன் இறக்கை எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று காட்ட அவரிடம் ஏதுமில்லை.

தனக்கென்று ஒரு மலை

1891-ல் பெர்லினுக்கு மேற்கே டெர்விட்ஸ் என்ற ஊரருகே முதல் வெற்றி: சுமார் 25 மீட்டர் தூரம். 1893-ல் ரைனோ குன்றுகளுக்குப் போனார். அங்கே தூரம் 250 மீட்டர் வரை நீண்டது. குன்றுகள் வீட்டிலிருந்து தூரம் என்பதால், 1894-ல் பெர்லின் ஓரத்தில் லிஷ்டர்ஃபெல்ட பகுதியில் 15 மீட்டர் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி ஒரு செயற்கைக் குன்றே எழுப்பினார். வட்டக் கூம்பு வடிவம். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அதை எதிர்த்து ஓடலாம். உச்சியில் கிளைடர்களை வைக்க ஒரு கொட்டகை.

ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் கூடியது. புகைப்படக்காரர்கள் வந்தார்கள். மனிதன் காற்றில் மிதப்பதைத் தெளிவாகக் காட்டிய படங்கள் உலகப் பத்திரிகைகளில் வெளியாயின. பறப்பது கிறுக்கர்களின் கனவு என்ற எண்ணம் மாறத் தொடங்கியது இந்தப் படங்களால்தான்.

அவருடைய வெற்றிகரமான மாடலின் இறக்கை அகலம் 6.7 மீட்டர், எடை சுமார் 20 கிலோ. வில்லோ மரக் குச்சிகளில் பருத்தித் துணி போர்த்தியது. அதைப் பல பிரதிகள் செய்து 500 மார்க் விலைக்கு விற்றார். அதனால் உலகில் முதன்முதலில் வரிசையாகத் தயாரித்து விற்கப்பட்ட விமானம் என்ற பெயர் அதற்கு உண்டு. வாங்கியவர்களில் ரஷ்ய விஞ்ஞானி நிகோலாய் ஜுகோவ்ஸ்கி, அமெரிக்கப் பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட், பிரிட்டனின் பெர்சி பில்ச்சர் ஆகியோரும் உண்டு.

உடம்புதான் ஸ்டீயரிங்

இந்த கிளைடரில் உட்கார இருக்கை கிடையாது. இறக்கையின் நடுவே முழங்கைகளை ஊன்றித் தொங்க வேண்டும். இடுப்புக்குக் கீழே காற்றில் ஊசலாடும். மூக்கு மேலே போனால் காலை முன்னால் வீச வேண்டும், கீழே போனால் பின்னால். இடது, வலது திருப்பமும் அப்படியே.

இதில் பெரிய குறை ஒன்று இருந்தது. கைகள் இறக்கையில் மாட்டியிருப்பதால், உடம்பை நகர்த்தக் கிடைக்கும் தூரம் கொஞ்சம்தான். பலமான காற்று ஒன்று மூக்கைத் தூக்கினால் அந்தக் கொஞ்ச தூரம் போதாது. லிலியந்தாலுக்கு இது தெரியும். 1894-ல் ஒரு தடவை விழுந்தபோது, முன்னால் பொருத்தியிருந்த வில் வடிவ மரச் சட்டம் மோதலைத் தாங்கி அவரைக் காப்பாற்றியது.

கருவி? வேகமானி இல்லை, உயரமானி இல்லை. முகத்தில் அடிக்கும் காற்றும், காதில் கேட்கும் இரைச்சலும்தான் கணக்கு. 2,000-க்கும் மேற்பட்ட பறத்தல்கள் என்றாலும், ஒவ்வொன்றும் சில விநாடிகளே நீடித்ததால், அவர் ஆகாயத்தில் இருந்த மொத்த நேரம் ஐந்து மணி நேரம் அளவுக்குத்தான் வரும். இன்றைக்கு ஒரு மாணவ விமானி அவ்வளவு நேரத்தில் தனியாகப் பறக்கக்கூட அனுமதி பெற்றிருக்க மாட்டார்.

1896 ஆகஸ்ட் 9: என்னாச்சு?

ஞாயிற்றுக்கிழமை. நம்ம ஊர்க் கணக்கில் ஆடி மாசம். இங்கே ஆடிக் காத்துக்கு அம்மியே பறக்கும் என்போம். ஷ்டொல்ன் கிராமத்தை ஒட்டிய கோலன்பெர்க் குன்றில் அன்று நல்ல வெயில், மிதமான காற்று. முதலில் பறந்தவை நன்றாகவே போயின. 250 மீட்டர் தொட்டார்.

அடுத்த தடவை, நடுவானில் நிலைமை மாறியது. வெயிலில் சூடான தரையிலிருந்து கிளம்பிய காற்றுக் குமிழ் ஒன்று கிளைடரின் மூக்கைத் தூக்கியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர்களின் பரவலான முடிவு. பருந்துக்கு ஏணியாகும் அதே வெப்பக் காற்று. கிளைடர் காற்றில் நின்றதுபோல் ஆகி, மூக்கைக் கவிழ்த்துத் தரையை நோக்கிப் பாய்ந்தது. உடம்பை நகர்த்தி நிமிர்த்தப் பார்த்தார், முடியவில்லை.

அவருடைய மெக்கானிக் பவுல் பெய்லிஷ் அவரைக் குதிரை வண்டியில் கிராமத்துக்குக் கொண்டுபோனார். கழுத்தின் மூன்றாவது எலும்பு முறிந்திருந்தது. சரக்கு ரயிலில் பெர்லினுக்கு எடுத்துச் சென்றார்கள். ஆகஸ்ட் 10-ம் தேதி மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 48.

கிளைடரே மோசமான வடிவமைப்பா என்ற சந்தேகம் ரொம்ப காலம் இருந்தது. 2016-ல் ஜெர்மனியின் விமான, விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர், அதே மாதிரியில் ஒரு பிரதியைக் கட்டிக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தது. சாதாரண நிலையில் அது நிலையாகப் பறக்கக்கூடியது என்பது முடிவு. ஆக, பிரச்சினை எல்லையைத் தாண்டிய அந்தத் தருணத்தில்தான்.

ரைட் சகோதரர்கள் எடுத்துக்கொண்ட பாடம்

மரணச் செய்தி அமெரிக்காவின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை நடத்திய வில்பர், ஆர்வில் ரைட் இருவரையும் உலுக்கியது. பறத்தல் பற்றி அவர்கள் தீவிரமாகப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். லிலியந்தாலின் அட்டவணையை வைத்தே முதல் கிளைடர்களைக் கட்டினார்கள். எதிர்பார்த்த அளவு தூக்காததால் 1901-ல் சொந்தமாகக் காற்றுச் சுரங்கம் செய்து மறுபடி அளந்தார்கள். லிலியந்தாலின் எண்கள் பெரும்பாலும் சரிதான், அவற்றோடு பெருக்கப் பயன்படுத்திய பழைய மாறிலிதான் தப்பு என்று தெரிந்தது.

இரண்டு விஷயங்களை மாற்றினார்கள். உடம்பை ஆட்டுவதற்குப் பதில், இறக்கையையே முறுக்கித் திருப்பும் முறை. அடுத்தது, மூக்கை ஏற்றி இறக்கும் பலகையை வாலில் வைக்காமல் முன்னால் வைத்தது. அதனால் அவர்களுடைய கிளைடர் ஸ்டால் ஆனபோது தலைகுப்புறப் பாயாமல், தட்டையாகக் கீழே இறங்கியது. வில்பர் உயிரோடு எழுந்து நடந்தார். 1903 டிசம்பர் 17-ம் தேதி நடந்தது உலகுக்கே தெரியும்.

எச்சரிக்கை காதுக்கு வந்த கதை

ஸ்டாலைச் சமாளிக்க விமானம் கற்றுக்கொண்டது. ஆனால், வரப்போகிறது என்று விமானிக்கு முன்கூட்டிச் சொல்ல இன்னும் சில பத்தாண்டுகள் பிடித்தன. 1940-களில் அமெரிக்காவின் லியனார்ட் கிரீன் ஒரு வழி கண்டார். இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்ன உலோகத் தகடு. சாதாரணமாகக் காற்று அதைக் கீழ்ப்பக்கம் அழுத்தி வைக்கும். கோணம் கூடும்போது, காற்று இரண்டாகப் பிரியும் இடம் தகட்டுக்குக் கீழே இறங்கிவிடும். இப்போது காற்று தகட்டை மேலே தூக்கும். சுவிட்ச் விழும், ஹாரன் அடிக்கும்.

செஸ்னா போன்ற சிறிய பயிற்சி விமானங்களில் இதைவிட எளிய ஏற்பாடு உண்டு. கரன்ட்டே தேவையில்லை. முன்விளிம்பில் ஒரு துளை, உள்ளே ஒரு குழாய், முனையில் ஒரு ரீட். கோணம் ஏறினால் துளையருகே அழுத்தம் குறைந்து, குழாயிலிருந்து காற்று வெளியே உறிஞ்சப்படும். மவுத் ஆர்கனில் மூச்சை இழுத்தால் வருமே, அதுபோல் ஒரு ஊளை கிளம்பும். ஸ்டால் ஆகும் வேகத்துக்கு மணிக்கு சுமார் 10 முதல் 20 கிலோமீட்டர் முன்பே அது தொடங்கிவிடும்.

பெரிய ஜெட்கள் பலவற்றில் விமானி பிடித்திருக்கும் கட்டுப்பாட்டுத் தண்டே கடகடவென நடுங்கும். திருத்தணிக்குப் பக்கத்தில் அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் பி-8ஐ விமானங்கள் போயிங் 737-ஐ அடிப்படையாகக் கொண்டவை. அந்த விமானக் குடும்பத்திலும் இந்த நடுக்கும் ஏற்பாடு இருக்கிறது.

கிளைடரில் ஏன் இது சிக்கல்?

லிலியந்தாலின் நேரடி வாரிசான கிளைடர்களில் பல இன்றும் தனி ஸ்டால் ஹாரன் இல்லாமல்தான் பறக்கின்றன. வேகம் குறையும்போது காற்றின் இரைச்சல் அடங்கும், கட்டுப்பாடுகள் தளர்ந்ததுபோல் இருக்கும், உடல் லேசாக அதிரும். இந்த அறிகுறிகளைப் படிக்கத்தான் பயிற்சி. ஆனால், விமானியின் கவனம் வேறு எங்காவது இருந்தால், குறிப்பாகத் தரையிறங்கும் முன் தாழ்வாகத் திரும்பும்போது, அந்த அமைதி காதில் விழாமலே போகலாம்.

சரி, ஏற்கெனவே உள்ள கருவியைப் பேச வைத்தால் என்ன? கிளைடர்களில் வேரியோமீட்டர் என்ற கருவி உண்டு. மேலே ஏறுகிறோமா, இறங்குகிறோமா என்று ‘பீப் பீப்’ ஒலியால் சொல்லும். அதிலேயே வேக உணரியை இணைத்து, வேகம் குறைந்தால் வேறொரு ஒலி வரச் செய்யலாம். யோசனை எளிது. கணக்குதான் படுத்துகிறது.

நேராகப் பறக்கையில் 70 கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டால் ஆகும் ஒரு கிளைடரை எடுத்துக்கொள்வோம். 45 டிகிரி சாய்ந்து உயரம் இழக்காமல் திரும்பினால் அதே கிளைடர் 83-லேயே ஸ்டால் ஆகும். 60 டிகிரி சாய்ந்தால் 99-ல். திருப்பத்தில் இறக்கை சுமக்க வேண்டிய எடை கூடுவதே காரணம். எனவே 75-ல் அலாரம் வைத்தால், நேராகப் போகும்போது சரியாக இருக்கும், ஆபத்தான திருப்பத்தில் ஊமையாகிவிடும். இதனால்தான் நவீன மின்னணுக் கருவிகளில் வேகத்தோடு சேர்த்து, உடம்பை அழுத்தும் ‘ஜி’ விசையையும் கிளைடரின் எடையையும் கணக்கில் எடுக்கும் வழி இருக்கிறது. இன்னொரு வழி, காற்றழுத்தத் துளைகளை வைத்துக் கோணத்தையே நேரடியாக அளப்பது. மலிவான வழியும் உண்டு: பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒட்டிய ஒரு கம்பளி நூல். அது படுத்திருக்கும் சாய்வே கோணத்தைக் காட்டும். ஆனால், அதைக் கண்ணால் பார்த்தாக வேண்டும், அது சத்தம் போடாது.

அடுத்த சிக்கல், தொல்லை. வெப்பக் காற்றில் வட்டமிடும் கிளைடர் ஸ்டாலுக்கு ரொம்ப தூரத்தில் பறப்பதில்லை. சும்மா சும்மா அடிக்கும் அலாரத்தை யாராக இருந்தாலும் அணைத்துவிடுவார்கள். தாமதமாக அடித்தால் பயனில்லை. வேரியோமீட்டரின் பீப் ஒலியோடு குழம்பாத தனி ஒலியாகவும் இருக்க வேண்டும்.

இன்றைக்கு லிலியந்தால்

அவர் எழுப்பிய குன்று பெர்லினில் நினைவிடமாக நிற்கிறது. ஆங்க்லாமில் அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. 1989 அக்டோபரில், அவர் விழுந்த ஷ்டொல்ன் கிராமத்துப் புல்வெளியில் ஒரு பெரிய இல்யூஷின்-62 ஜெட் விமானத்தைக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெரிய ஜெட்டுக்கு ஏற்ற ஓடுபாதையே இல்லாத இடத்தில், குட்டையான புல்தரையில், முடிந்தவரை வேகத்தைக் குறைத்து இறக்க வேண்டிய வேலை அது. இன்றும் அங்கேயே நிற்கும் அந்த விமானத்துக்கு லிலியந்தாலின் மனைவி ஆக்னஸின் பெயரை வைத்திருக்கிறார்கள்.

பயிற்சி விமானத்தில் முதன்முதலில் ஏறும் மாணவர்களுக்குப் பாதுகாப்பான உயரத்துக்குப் போனபின் ஒரு பாடம் உண்டு. பயிற்சியாளர் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து மூக்கைத் தூக்கச் சொல்வார். ஹாரன் ஊளையிடும். அப்போது உள்ளுணர்வு கட்டுப்பாட்டை இன்னும் பின்னால் இழுக்கச் சொல்லும். செய்ய வேண்டியது அதற்கு நேரெதிர்: முன்னால் தள்ளி, கோணத்தைக் குறைத்து, இறக்கைக்குக் காற்றைத் திருப்பிக் கொடுப்பது. அதைச் செய்யக் கிடைக்கும் அந்தச் சில விநாடிகள், கோலன்பெர்க் குன்றில் ஒருவருக்குக் கிடைக்காமல் போனவை.